நோட்டில் ஒன்பது பேர்

"கரண்ட் மிஷினு வச்சிக்கினு பத்து ஆளு வேலை செஞ்சா அது பேக்டரிங்க. லைசென்ஸு, இன்ஸ்பெக்டருன்னு ஒரே பேஜாரு. ஒம்போதோட நிறுத்திக்குங்க."

விழுப்புரம் ஆடிட்டர் சொன்ன இந்த ஒன்றைத்தான் தேவநாதன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைத்துப் பருப்பெடுக்கும் மில் நடத்துகிறவனுக்குச் சட்டத்தில் வேறு எதுவும் காதில் ஏறவில்லை. நோட்டில் ஒன்பது பெயர், மில்லில் பத்துப் பேர். பத்தாவது ஆள், நோட்டில் பேர் உள்ள ஜெயம்மாளின் தங்கை செண்பகம். இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தால், உடைத்த தோலைக் கொட்டி வைக்கும் ரூமுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டான்.

எண்பத்து நாலு சித்திரையில் ஜீப் வந்தது. ரூமில் மல்லாட்டைத் தோல் கூரை முட்டக் கிடந்தது. மூட்டை பிடிக்க அடியிலேயே அள்ளி அள்ளிப் பொந்து மாதிரி குடைந்து வைத்திருந்தார்கள். செண்பகம் அதற்குள் போய்க் குந்தினாள். தேவநாதன் தகரக் கதவைச் சாத்தி, அதை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

மிஷினை நிறுத்தச் சொல்லி, இன்ஸ்பெக்டர் ஆட்களை வெளியே களத்தில் நிறுத்தி எண்ணிவிட்டு உள்ளே வந்தார். ஒன்பது. சோடா வந்தது. அப்போதுதான் உள்ளே என்னமோ சரிந்தது. பின்னாலேயே தகரத்தில் ஒரு உதை, இன்னொரு உதை.

"என்னங்க சத்தம்?"

"பெருச்சாளிங்க சார். தொல்லை தாங்கல."

அந்த மனுஷன் ஒன்றும் எமன் இல்லை. "பத்துப் பேரு ஆனாலும் பயப்படாதீங்க. ஆபீசுக்கு வந்து லைசென்ஸு எடுத்துக்குங்க, அவ்ளோதான். ஆளுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா, படுபாவி! மடியில் கனம் இருந்ததே. அஞ்சே நிமிஷம், ஜீப் போனதும் திறந்துவிடலாம் என்று நினைத்தான். உதை நின்றுபோனது. மூச்சு விட இடம் கிடைத்திருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'வேலையாட்கள் ஒன்பது' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான்.

ஜீப் போனதும் கதவைத் திறந்தான். இடுப்பளவு தோல் வெளியே கொட்டியது. ஜெயம்மாள் இரண்டு கையாலும் வாரி வாரித் தங்கையை இழுத்துப் போட்டாள். உயிர் இல்லை. செய்தி ஸ்டேஷனுக்கு எட்டி, ஏட்டு வந்து சேர்ந்தார். நோட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்ட தாளின் நகலைப் பார்த்தார்.

"ஒம்போது பேருதான்னு இப்பதானே எழுதிக் குடுத்திருக்க? அப்ப இவ யாரு? தோல் திருட வந்தவளா?"

அவன் ஜெயம்மாளைப் பார்த்தான். ஐயோ, தன் ஆள்தான் என்று சொன்னால் ஜெயில் நிச்சயம். தலை தானாக ஆடியது.

"ஆமாங்க. திருடத்தான் வந்திருப்பா."

ஜெயம்மாள் நிமிரவேயில்லை. தங்கையின் மூக்கில் அடைந்திருந்த தோலை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தாள்.