வெஸ்டர்மார்க்குகளுக்கு நாற்காலி இல்லாத மேசை

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நிறுவனத்தின் தலைவி குன்வோர் வெஸ்டர்மார்க். பாதிக்கு மேல் பங்குள்ள அவள் தம்பி ரக்னார். பட்டறை மேஸ்திரி ஹோகான். பெயின்ட் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சிவ். தொழிற்சங்கத்தின் சார்பில் தச்சர் யெர்க்கர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பின்னால் பலர் சொல்லிக்கொண்டார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குன்வோர் நின்றுகொண்டே பேசினாள். பள்ளிக்கூடங்களுக்குப் புது மேசை நாற்காலி செய்து விற்கும் தொழில் இனி ஓடாது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், நகராட்சிகள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்குகின்றன. இனிமேல் வெஸ்டர்மார்க் மேசைகளை வாடகைக்கு விடுவோம், உடைந்ததைத் திரும்ப எடுத்துச் செப்பனிட்டு அனுப்புவோம் என்றாள். "யாருக்காவது மறுப்பு இருக்கா?" ஹோகான் ஜன்னலைப் பார்த்தார். சிவ் தன் கோப்பையைத் துடைத்தாள். பிறகு மூவரும் தலையாட்டினார்கள். ரக்னார் வாயே திறக்கவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது என்று குன்வோர் எடுத்துக்கொண்டாள்.

ஸ்வீடனில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத தவறு அது. அங்கே எந்த முடிவும் கூட்டத்தில் பிறப்பதில்லை. அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் போய், காபி குடித்து, குறை கேட்டு, எல்லாவற்றையும் பேசி முடித்திருக்க வேண்டும். குன்வோருக்கு இது தெரியாததல்ல. ஆள் ஆளாகப் போய்ப் பேச அவளுக்குத் தெம்பில்லை. போதாததற்கு, வெஸ்டர்மார்க்குகள் யாரிடமும் போய் நின்றதும் இல்லை.

ஒரு பள்ளியிலிருந்து முதல் லாரி வந்து பழைய மேசைகளை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. அவற்றை மூடிய தார்ப்பாய்க்கு மேல் பனியும் மழையும் மாறி மாறி விழுந்தன. ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் அவள் ஹோகானைப் பிடித்தாள்.

"என்ன ஹோகான், எல்லாம் அப்படியே கிடக்கு?"

"அது இன்னும் முடிவாகலையே, குன்வோர்."

"எல்லாரும் தலையாட்டினீங்களே!"

"நீ பேசினது காதுல விழுந்துச்சுன்னு ஆட்டினோம். சரின்னு எங்க சொன்னோம்?"

அவள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் வலி ஒரு பக்கம். மாதக் கடைசியில் ரக்னாரோடு பேச உட்கார வேண்டியிருப்பது இன்னொரு பக்கம். "ஆளுங்க உன் பின்னால இல்லன்னா நான் வித்துடுவேன்க்கா" என்று அவன் சொல்லியிருந்தான். வாங்க வந்தவனுக்கு வெஸ்டர்மார்க் என்ற பெயர் மட்டும் போதும், பட்டறையைப் பூட்டிவிடுவான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களின் சண்டை வாசலைத் தாண்டக் கூடாது. அப்படி நினைப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் மாதம் முடிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலைக் காபிக்கு அவள் கீழே பட்டறை ஆட்களின் மேசைக்கு இறங்கினாள். அவள் தாத்தாவும் அப்பாவும் மாடியில்தான் காபி குடித்தார்கள். அவளும் அப்படித்தான். காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது சிவ்வோட இடம்" என்றார் யெர்க்கர்.

அவள் எழுந்து அடுத்ததைப் பார்த்தாள்.

"அது பெங்க்டோடது. லீவுல இருக்கான். இருந்தாலும் அவனோடது."

குன்வோர் முற்றத்துக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி, ஒரு பள்ளிக்கூட நாற்காலியை இழுத்து வந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கான நாற்காலி. உட்கார்ந்ததும் முழங்கால் மார்புக்கு வந்தது.

"பாத்து குன்வோர், அடியில சூயிங்கம் இருக்கும்" என்றாள் சிவ். "அதத்தான் நாங்க சொல்லணும்னு இருந்தோம். மத்தவங்க பிள்ளைங்க மென்னு துப்பினத நாங்க சுரண்டணுமா? பெயின்ட் அடிக்க வந்தேனா, பல் டாக்டர் வேலைக்கு வந்தேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். குன்வோர் சிரிக்கவில்லை. ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தாள்.

"ரக்னார் விக்கப் போறான்" என்றாள். "நீங்க ஒத்துக்கலன்னா இந்த மாசமே. வாங்குறவன் பட்டறைய மூடிடுவான்."



"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார் ஹோகான்.

"வீட்டு விஷயம்."

"எங்க வேலை போறது உங்க வீட்டு விஷயமா?" யெர்க்கரின் குரல் உயர்ந்தது. "உங்கப்பனும் இப்படித்தான். மரம் விலை ஏறினது ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம்தான் எங்ககிட்ட சொன்னார்."

அப்பாவைப் பற்றி அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. குன்வோரின் காது சூடானது. எழுந்து போயிருக்கலாம். எழவில்லை; எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. "ஆமா" என்றாள். "சொல்லியிருக்கணும். என்ன குறை இருக்கோ இப்பச் சொல்லுங்க."

சொன்னார்கள். காபி வேளை முடிந்தும் யாரும் எழவில்லை. யெர்க்கருக்குப் பழுது பார்க்கும் ஆட்களின் கூலி குறையக் கூடாது. ஹோகானுக்குத் தனிக் கொட்டகை வேண்டும். சிவ் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சூயிங்கம் சுரண்டுறது எல்லாருக்கும் முறை வச்சு. மாடியில இருக்கிறவங்களுக்கும்."

"எனக்கும் சேத்துத்தான?"

"வேற யாரு இருக்கா மாடியில?"

"எல்லாத்துக்கும் சரி" என்றாள் குன்வோர்.

அன்று மதியமே தார்ப்பாயை எடுத்தார்கள். மாதக் கடைசியில் ரக்னார் வந்தபோது ஹோகான் வாசலிலேயே நின்று, "நாங்க பேசி முடிச்சிட்டோம்" என்றார். ஆட்கள் அக்காவின் பின்னால் நிற்பது ரக்னாருக்குப் புரிந்தது. விற்பனையை ஒரு வருடம் தள்ளி வைத்தான். வியாழக்கிழமைகளில் குன்வோர் கையுறை மாட்டிக்கொண்டு சுரண்டினாள். முதுகு வலித்தது.

குன்வோர் வெஸ்டர்மார்க் வேலைக்காரர்கள் முன்னால் அழுது காரியத்தைச் சாதித்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் அழவில்லை.