அரைமணி நேரத்தில் வருகிறவர்

வேலை போன மூன்றாம் நாளே அவள் நோட்டும் பேனாவுமாகத் தெருவில் இறங்கிவிட்டாள். பத்து வருடம் ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், எந்த வாசனை பிடிக்கும், எவ்வளவு நுரை வேண்டும் என்று கேட்டு எழுதியவள். கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அவள் கணவன் ஒரு பெரிய ஓட்டலில் குழாய், விளக்கு, கதவு, பூட்டு எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன். ஓட்டல் கைமாறியதில் அவனுக்கும் வேலை இல்லை.

"சொந்தமா ரிப்பேர் வேலை ஆரம்பிச்சிடலாம். கை இருக்கு, பெட்டி நிறைய சாமான் இருக்கு, வேற என்ன வேணும்?" என்றான்.

"கூப்பிட ஆள் வேணும்ல? யாருக்கு என்ன வேணும்னு தெரியாம போர்டு மாட்டினா உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஒரு மாசம் குடுங்க, கேட்டுட்டு வரேன்."

ஆறு தெருக்கள். நானூறு வீடுகளுக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் என்ன பழுது, இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள், அவரிடம் என்ன குறை என்று மூன்றே கேள்விகள். "எங்க வீட்ல ஒண்ணும் பழுதில்லைம்மா" என்று சொன்ன ஒருவரின் கையில் கதவின் கைப்பிடி தனியாக இருந்தது. அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அரைமணி.

அது அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர். ஐம்பது தாண்டிய ஒல்லியான ஆள், தோளில் ஒரு கித்தான் பை. எப்போது கூப்பிட்டாலும் "அரைமணி நேரத்துல வந்துடுறேன்" என்பார். பொழுது சாயும்போது வந்து நிற்பார். வந்தாலும் பாதி வேலையில் ஸ்பேனரை அப்படியே வைத்துவிட்டு, "இதோ, அரைமணி" என்று ஓடிவிடுவார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி கதவைக் கழட்டினாரு, பேரனுக்குப் பல்லு முளைச்சப்புறம் மாட்டினாரு" என்றார் ஒரு தையல்காரர். "ஆனா ஒண்ணு சொல்லணும். மாட்டின கதவு இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தம் போடல."

மாதக் கடைசியில் அவள் சமையலறை மேசையில் நோட்டை விரித்து வைத்தாள். "வேலையில குறை சொன்னவங்க ஒருத்தர்கூட இல்லைங்க. நேரம்தான். எல்லாரும் நேரத்தைத்தான் சொல்றாங்க."

"அப்ப நாம நேரத்தைத்தான் விக்கணும்" என்றான் கணவன்.

நோட்டீஸ் அடித்தார்கள். 'சொன்ன நேரத்துக்கு வருவோம். தொடங்கிய வேலையை முடித்துவிட்டே கிளம்புவோம்.' தையல்காரர் படித்துவிட்டு, "அரைமணிக்கு நல்லா ஆப்பு வச்சீங்க" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

போன் அவளிடம் இருந்தது. யாருக்கு எத்தனை மணி என்று எழுதி வைப்பாள், பத்து நிமிடம் தாமதமானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள், மறுநாள் கூப்பிட்டு "குழாய் ஒழுகலையே?" என்று விசாரிப்பாள். ஒரு வருடத்துக்குள் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு தச்சரும் சேர்ந்தார்கள். சின்ன வேன் ஒன்று வந்தது. முனையில் ஒரு கடை அறை பிடித்தார்கள். கணவன் விசிலடித்துக்கொண்டே படியேறப் பழகியிருந்தான்.

அந்த நாட்களில் ஒருமுறை, ஒரு குடியிருப்பின் மாடிப்படியில் அரைமணி எதிரே வந்தார்.

"நீங்கதானா அந்த நேரம் தவறாதவங்க? நல்லா பண்ணுங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

அவள் சும்மா இருந்திருக்கலாம். "உங்க வேலையை எல்லாரும் மெச்சிக்கிறாங்கண்ணே. கொஞ்சம் நேரம் பார்த்துச் செஞ்சிருந்தா நாங்க இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது" என்றாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாம்மா, நேரம்தான்" என்று சொல்லி, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

இரண்டாம் வருடம் ஒரு காலை போன் வந்தது. சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம், இன்றைக்கே மாட்ட வேண்டுமாம். போகிற வழிதான் என்பதால் அவளும் கணவனோடு வேனில் போனாள்.

கதவைத் திறந்தவர் அரைமணி.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் கூச்சத்துடன். "ட்ரில் மிஷினை வித்துட்டேன். வெறுங்கையால சுவத்துல இறங்கல."

உள்ளே இருந்தது ஒரே அறை. ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் இடது பக்கத்தை முழுக்க எடுத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு அட்டை. எட்டு மணி வலப்பக்கம், பத்து மணி இடப்பக்கம், பன்னிரண்டு மணி மல்லாக்க என்று பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பிடித்துக்கொண்டு தானே கொஞ்சம் புரளட்டும் என்று அவர் பதித்த கம்பிதான் பெயர்ந்து கிடந்தது.

"இவரை எல்லாரும் திட்டுறாங்களாமே" என்றார் அந்த அம்மா, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "என்னையில்ல திட்டணும்."

கணவன் சுவரில் துளை போட ஆரம்பித்தான். அவள் அரைமணியின் பக்கம் திரும்பினாள். "ஏன்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, பாவம், அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு கூப்பிடறதையே விட்டுடுவாங்கம்மா. திட்டினாலும் கூப்பிட்டாங்கல்ல?"

வேனில் திரும்பும்போது, "நாம ஒண்ணும் ஏமாத்திப் பிழைக்கலையே" என்றான் கணவன். அவளுக்கு அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. நானூறு வீட்டில் நேரம், நேரம் என்று எழுதியிருந்தாள். ஏன் நேரமாகிறது என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. எதிரே படியில் நின்றவரிடம்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே போய் அவரைத் தங்களோடு வேலைக்கு அழைத்தாள். அவர் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். அவர் வீட்டைச் சுற்றியிருந்த வேலைகளாகப் பார்த்து, ஒரு திருப்பலுக்கும் அடுத்த திருப்பலுக்கும் நடுவே முடிகிற மாதிரி ஒதுக்கினாள். ஆனால் பழைய குழாய்களுக்குக் கடிகாரம் தெரியாது. துருப்பிடித்த ஒரு நட்டு ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். அவர் பழையபடி பாதியில் எழுந்து ஓடினார். போன்கள் வந்தன: "நோட்டீஸ்ல ஒண்ணு போடுறீங்க, வந்து நிக்கிறது அதே அரைமணி!"

"என் தப்புங்க, நான்தான் நேரத்தை மாத்திக் குடுத்துட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வாள். முடிந்த நாட்களில் தானே போய் அந்த அம்மாவைத் திருப்பிவிடுவாள். முதல் நாள் எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் தடுமாறினாள். "பயப்படாதம்மா, நான் உடையற சாமான் இல்ல" என்றார் அவர். பிறகு இருவரும் அரட்டையடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

ஒருநாள், அரைமணி தண்ணீரை அடைத்துவிட்டுப் போனதில் கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் காத்திருந்த ஒரு தாய் கடைக்கே வந்து கத்திவிட்டாள். கணவன் பொறுமையிழந்தான். "போர்டுல எழுதினதை நாமளே காப்பாத்தலன்னா எப்படி?" அன்று சாயங்காலம் அவள் அரைமணியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, லேட்டா வந்தாக்கூட நான் சமாளிச்சுக்குவேன். தண்ணியை மூடிட்டு பாதியில மட்டும் வந்துடாதீங்க."

"சரிம்மா. இனிமே பாதியில வர மாட்டேன்."

பத்து நாள் கழித்து, முற்பகலில், அவருடைய பக்கத்து வீட்டுக்காரி கடைக்குப் போன் செய்தாள். அந்த அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. போனை எடுத்த அவள் உடனே அரைமணியைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கை கழுவும் தொட்டிக்குக் கீழே படுத்திருந்தார்.

"அண்ணே, உடனே வீட்டுக்குப் போங்க. அக்காவுக்கு முடியல."

"குழாயைக் கழட்டிப் போட்டிருக்கேன்மா. பத்து நிமிஷம், மாட்டிட்டு ஓடுறேன்."

"அதெல்லாம் விட்டுட்டுப் போங்கண்ணே!"

லைன் துண்டாகியிருந்தது. அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மாவின் மூச்சு அடங்கியிருந்தது; வலது கை கம்பியின் மேல் இருந்தது. சற்று நேரத்தில் அவர் வந்தார். சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. கட்டிலைப் பார்த்தார், சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு குனிந்து, எப்போதும் செய்வதுபோல, மனைவியின் தோளுக்கடியில் கை கொடுத்து மெல்லத் திருப்பினார். யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. அவள் ஒருமுறை, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள். அவர் பையில் எதையோ தேடிக்கொண்டே, "இன்னிக்கு முதல் வேலை எங்கம்மா?" என்று கேட்டார்.

இப்போது அவர்களிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஏழு பேரில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாதவர் அவர்தான். தெருவில் பெயர் மட்டும் மாறவில்லை; புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று புரிவதில்லை. ஒன்பது மணிக்குத் திறக்கிற கடைக்கு எட்டுக்கு முன்பே வந்து, மூடிய கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். "எதுக்குண்ணே இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டதற்கு, "வீட்ல என்னம்மா இருக்கு?" என்றார்.

அவள் இப்போது ஏழரைக்கே போய்க் கடையைத் திறந்துவிடுகிறாள். இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவர் உட்காரும் பக்கம் வைத்துவிட்டு, அன்றைய வேலைகளை எழுத உட்காருகிறாள்.