வாக்குக் கொடுத்த ஊர்

பிரதேச சபைத் தேர்தல் முடிந்த மறுநாள் விடிய, இறக்கக்கண்டிக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்னக் கரையூரில் காசு வாங்கிய எல்லாருடைய குரலும் வென்றவனான ரஜீவனின் வாய்க்குள் போய்ச் சேர்ந்திருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவன் கேட்டுத்தான் வாங்கினான். ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிற ரஜீவனிடம் போன முறையும் ஊர் காசு வாங்கியது. வாங்கிவிட்டு வேறு சின்னத்துக்குப் புள்ளடி போட்டது. இந்த முறை விடுவானா? காசு உறையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரிடமும், "என்ர வாக்கைத் தந்திட்டன் எண்டு வாயால சொல்லுங்கோ" என்றான். சொன்னார்கள். வாக்கு என்றால் புள்ளடி என்றுதான் ஊர் நினைத்தது. பேச்சுக்கும் அதுதான் பெயர் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இன்பமலரும் சொன்னாள். கடலில் போன மகன் றிக்சனுக்குச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு சீமெந்துச் சிலுவை வைக்க அவளுக்குக் காசு தேவைப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. பொழுதுபடும் நேரங்களில் கரையில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கடல் அதைக் காதில் வாங்கியதே இல்லை. அன்று பின்னேரமும் கரையில் நின்று வாயைத் திறந்தாள், வெறும் காற்றுத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து, சோறு தின்றுகொண்டிருந்த ரஜீவனின் வாயிலிருந்து அவள் குரலும் ஊர்க் குரல் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து, "றிக்சன், வாடா மகன்!" என்று கத்தின. றிக்சன் வந்தான். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ரஜீவனின் கதிரையில் உட்கார்ந்தான். ஓடிவந்த தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் வந்தான். இன்பமலர் ரஜீவன் வீடே கதியென்று கிடந்தாள். துவாயால் மகனின் தலையைத் துவட்டுவாள், அது காயவே காயாது. ரஜீவன் பாவம், அரை ஆளாய்ப் போனான். நித்திரையிலும் ஊர் அவன் வாயாலேயே அவனைத் திட்டியது. வாக்கைத் திருப்பிக் கொடுக்க அவன் எப்போதோ தயார். ஆனால் ஒரே தொண்டைக்குள் சிக்குப்பட்ட குரல்கள் அவை; எல்லாரும் சேர்ந்து தலையாட்டினால்தான் பிரியும். இன்பமலர் ஆட்டவில்லை. ஆட்டினால் மகனைக் கூப்பிட அந்தக் குரல் இராது. ஒருநாள் பக்கத்து வீட்டு றுக்கியா வந்து அவள் கையைப் பிடித்தாள். றுக்கியாவின் பேச்சு ரஜீவனின் வாயால் வந்தது: "எனக்கும் புள்ளையள் இரிக்கு, இன்பமலர். பேர் சொல்லிக் கூப்பிட வாய் இல்ல." இன்பமலர் கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஊர் கரைவலை இழுக்கும் கரையில் ஹோட்டலுக்கு வேலி போட ஆட்கள் வந்தார்கள். சபையில் கையைத் தூக்கிச் சம்மதம் கொடுத்தவன் ரஜீவன்தான். ஊர்க் குரல் குழப்பிவிடும் என்று அன்று வாயை லேஞ்சித் துணியால் கட்டிக்கொண்டு போயிருந்தான். ஊரே திரண்டு நின்றது, ஏலாது என்று சொல்ல ஒரு நாக்கு இல்லை. றிக்சன் கடைசியாக வலை இழுத்த இடத்தில் முதல் கட்டை இறங்கியது. இன்பமலர் திரும்பி ரஜீவன் வீட்டுக்கு நடந்தாள், சனம் பின்னால் போனது.

அன்று பின்னேரம் மகனின் தலையை ஆறுதலாகத் துவட்டி முடித்தாள். முற்றத்தில் நின்ற சனத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லாரும் ஆட்டினார்கள். அவரவர் குரல் அவரவர் தொண்டைக்கு வந்தது. றிக்சன் எழும்பினான். போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "போயிட்டு வா, மகன்" என்றாள்.

மறுநாள் ஊர் ஒரே வாயாக ஏலாது என்றது. கட்டை இறக்கியவர்களே அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கரைக் காரியம் அதன்பிறகு சபைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வீடு மாறிவரும் வலை போடும் முறையைப் பாடு என்பார்கள்; அன்றைக்கு யாருடைய பாடோ, அந்த வீட்டின் சொல்தான் கரையின் சொல். விலை பேச வருகிறவர்களுக்கு யாரை வாங்குவதென்று தெரிவதில்லை. றிக்சனுக்கும் ஒரு பாடு இருக்கிறது. அன்று யாரும் கடலில் வலை போடுவதில்லை. விடியும்போது வலை மீனோடு கரையில் கிடக்கும். இன்பமலரின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.