நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது விருந்தாளி

வ்ராணிக் நகரத்துக்கு அந்த ஆண்டு வந்த பயணிகளில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எதிர்பார்க்கப்பட்டவர்கள் மட்டுமே, ஆள் கிடையாது. வசந்தத்தில் நகரச் சுற்றுலாச் சங்கத் தலைவர் வ்லாஹோ டெஸ்பொட், உலர்த்திய பன்றித்தொடைச் சீவல்களுக்கும் இனிப்பு ஒயினுக்கும் நடுவே எழுந்து நின்று, இவ்வாண்டு வளர்ச்சி பதினொரு சதவீதம் என்று அறிவித்திருந்தார். பதினொன்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து நகரம் பத்து என்று அறிவித்திருந்தது, அவ்வளவுதான். அக்டோபர் நடுவில் தலைகளை எண்ணியபோது அத்தனை பேர் குறைந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில், பேருந்தே இல்லாமல் பேருந்து நிலையத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

டெஸ்பொட் எழுதிய ஆண்டறிக்கையில் இருந்தபடியே இருந்தார்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் வயது, கலாசார ஆர்வம், சராசரித் தங்கல் 2.7 இரவு. வெயில் அவர்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. குடும்பத்துக்கு 1.4 பிள்ளைகள், இரண்டாவது பிள்ளைக்குக் காலும் இடுப்பும்தான் இருந்தன, ஆனாலும் நன்றாக ஓடி விளையாடியது. அறை வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். விரிப்பு கசங்குவதில்லை, துண்டு நனைவதில்லை என்று தெரிந்ததும் இதைவிட உத்தமமான விருந்தாளி உலகத்தில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். வெளியே மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. வ்ராணிக்கில் சீசன் எப்படி என்று கேட்டால், கடற்கரையில் கால் வைக்க இடமில்லாத ஆகஸ்டிலும் "ஒன்னும் சரியில்ல, போன வருஷம் தேவலை" என்பதே பதில். போன வருஷமும் அதுதான் பதில்.

தொண்ணூற்றொரு படிகளுக்கு மேலே ஒற்றை அறையை வாடகைக்கு விட வைத்திருந்த டிங்கா, அந்தக் கோடை முழுக்க ஒரு விருந்தாளியையும் பார்க்கவில்லை. கணவர் போய் ஆறு வருடம். அந்தச் சந்தில் மற்ற வீடுகளெல்லாம் சாவிப்பெட்டி தொங்கும் விடுதிகளாகிவிட்டன. குளிர்காலத்தில் விளக்கு எரிவது அவள் வீட்டிலும் எதிர்வீட்டுப் பெரினா வீட்டிலும்தான். தலைநகர் ஸாக்ரெபிலிருந்த மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரே பாட்டுப் பாடினான். வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லை, என் வீடு எட்டாவது மாடி, ஆனால் லிஃப்ட் இருக்கிறது, வந்துவிடு. கடைசியில் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்: நவம்பர் முதல் தேதி, புனிதர் அனைவர் திருநாளுக்குள் வீட்டில் இன்னொரு ஆள் இல்லையென்றால் வந்துவிடுகிறேன். லிஃப்ட் என்றாலே அவளுக்கு ஆகாது.

எனவே வெள்ளிக்கிழமை கதவு தட்டப்பட்டபோது அவள் விருந்தாளியை எதிர்பார்க்கவில்லை. வெந்நீர் பாய்லர் ரிப்பேர்காரனைத்தான் எதிர்பார்த்தாள். "மூணு வாரமா வரேன் வரேன்னு சொல்லிட்டு இப்பதான் வழி தெரிஞ்சுதாய்யா? இந்தக் குழாயைப் பிடி," என்று வந்தவனைச் சமையலறைக்குள் தள்ளினாள். அவன் பிடித்தான். குழாய் அவன் விரல்களுக்குள்ளே நழுவியது, மறுபடி பிடித்தான். தண்ணீர் பீறிட்டு இருவர் மேலும் அடித்தது. நனைந்தது அவள் மட்டும். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்தும் குழாயை அவனிடமிருந்து வாங்கவில்லை, வேறு கை இல்லை. பெயர் கேட்டதற்கு "கலாசார ஆர்வம்" என்றான். அவள் பேப்போ என்று வைத்துக்கொண்டாள்.

பேப்போவிடம் ஒரே குறைதான். எதைக் கொடுத்தாலும் புகழ்ந்தான். உருளைக்கிழங்கு போட்ட கீரையை, உப்புப் போட மறந்த நாளில்கூட, "எதிர்பார்ப்பை மிஞ்சிடுச்சு" என்றான். பெரினாவுக்குப் பொறுக்கவில்லை. "இவன் வாயில நல்ல வார்த்தையைத் தவிர வேற ஒன்னும் வராதாடி? பக்கத்துல உக்காந்தா தேர்தல் கூட்டத்துல உக்காந்த மாதிரி இருக்கு." டிங்கா அவனை விருந்தாளியாக நடத்தவேயில்லை. கீரை ஆயவிட்டாள், துணி உலர்த்தவிட்டாள், உலர்த்தியதைத் திட்டினாள். சனிக்கிழமை ஈரமும் தலைவலியும் கொண்டுவரும் தெற்குக் காற்று ஆரம்பித்தது. துணி காயவில்லை, ஊரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஞாயிறு மதியம் டெஸ்பொட் தம் விருந்தாளிகளைச் சரிபார்க்கக் கையில் பட்டியலோடு படியேறி வந்தார். அறுபதாவது படியில் ஒருமுறையும் எண்பதாவதில் ஒருமுறையும் ஐரோப்பிய நகரங்களின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பவர்போல நின்றார். மேலே வந்ததும் பேப்போவின் எதிரே மூச்சுவாங்கிக்கொண்டே, "எங்க நகரம் எப்படி, ஐயா? சீசன் எப்படிப் போகுது?" என்றார்.

பேப்போ சன்னல் வழியே இரண்டு நாள் ஈரத்தோடு ஆடும் துணிகளைப் பார்த்தான். முழங்காலை மெல்லத் தடவிக்கொண்டான். "ஒன்னும் சரியில்ல," என்றான். "போன வருஷம் தேவலை."

அதுவரை சத்தமே போடாத நாற்காலி அவனுக்குக் கீழே கிரீச்சிட்டது.

டெஸ்பொட்டின் பேனா நின்றது. "டிங்கா அம்மா, இவரு பயணிதானே?"

"உங்க அறிக்கையில எந்தப் பயணியாவது இப்படிப் பேசுவானா?" என்றாள் டிங்கா. காபிக்கு வந்திருந்த பெரினா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறிக்கையைத் தாமே எழுதியவர் என்பதால் டெஸ்பொட்டால் மறுக்க முடியவில்லை. ஒரு பெயரை அடித்துவிட்டு இறங்கிப் போனார். மூன்றாம் இரவில் பத்தில் ஏழு பங்கு கழிந்ததும் மற்ற நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேரும், காலும் இடுப்புமான பிள்ளைகள் உட்பட, கசங்காத விரிப்புகளிலிருந்து மறைந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பேப்போ காபி ஆறிவிட்டதென்று குறை சொன்னான். டிங்கா அதைச் சுடவைத்தபோது அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று.

திருநாளன்று மகன் அழைத்தான். பேச்சின் நடுவே பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், இந்தக் காற்றில் சன்னலை யார் திறந்துவைத்தது என்று எரிந்துவிழுந்தது. "சரிம்மா. ஆள் இருக்கு," என்றான் மகன்.

மறு வசந்தத்தில் டெஸ்பொட் பதினான்கு சதவீதம் என்று அறிவித்தார். அவர்களும் சொன்னபடி வந்தார்கள், ஊரார் விரிப்பை மாற்றாமலே வரவேற்றார்கள். சங்கத்தின் ஆண்டுப் படிவம் டிங்கா வீட்டுக்கும் வருகிறது: அடுத்த சீசன் வளருமா, அப்படியே இருக்குமா, குறையுமா. அதைப் பேப்போதான் நிரப்புகிறான். குறையும் என்ற கட்டத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, ஒரு கோடு போடுகிறான்.