வரப்பின் இரண்டு பக்கமும்

உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கோடி போய், மதகு திறந்து, நவரைப் பட்டத்து நெல்லுக்குச் சேறு கலக்கிச் சேடையும் ஓட்டியாகிவிட்டது. முத்துவேலுக்கு நடவுக்கு முன்னால் பாக்கி இருந்தது அண்டை வெட்டுவதுதான். வரப்பின் பக்கவாட்டில் முளைத்த புல்லை மண்வெட்டியால் செதுக்கி, எலி வளையை அடைத்து, சேற்றை அள்ளி மெழுகிவிட வேண்டும். அவரவர் கழனிப் பக்கத்தை அவரவர் வெட்டிக்கொள்வது ஊர் வழக்கம்.

இந்த வழக்கத்துக்குள் முத்துவேலின் கைக்கு ஒரு திருட்டுப் பழக்கம் இருந்தது. புல்லோடு சேர்த்து வரப்பு மண்ணையும் கொஞ்சம் செதுக்கித் தன் கழனியில் தள்ளிவிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி சுகுமாரின் கழனி. பாகம் பிரித்த அன்றைக்குத் தம்பி அளவுக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தான் என்பது முத்துவேலின் எண்ணம். கண்ணால் பார்த்தாரா என்றால், இல்லை. ஆனால் எண்ணம் விழுந்த அன்றே பேச்சு நின்றது. அவர் இந்தப் பக்கம் செதுக்க, தம்பி வீம்புக்கு அந்தப் பக்கம் செதுக்க, மாடு நடந்த வரப்பு கடைசியில் ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்கு இளைத்துப்போனது.

போன ஆடியில் சுகுமார் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். இப்போது அவன் பெண்டாட்டி வளர்மதிதான் பயிர் வைக்கிறாள். அவள் கழனிக்குப் போக அந்த வரப்பை விட்டால் வேறு வழியில்லை.

காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முத்துவேல் புறப்பட்டபோது, அவர் மனைவி ஆதிலட்சுமி வாசலில் நின்று சொன்னாள்.

"இந்த தபாவாச்சும் ஒழுங்கா வெட்டு. அந்தப் பக்கம் இப்ப ஆம்பள இல்ல."

"எனக்குத் தெரியாதா? அவனே பூட்டான். இனிமே இன்னா வம்பு?"

"உன் வாய்க்குத் தெரியும். கைக்குத் தெரியுமா?"

புல்லை மட்டும்தான் வெட்டுவது என்று மனதில் சொல்லிக்கொண்டுதான் அவர் கழனியில் இறங்கினார். முதல் கொஞ்ச தூரம் அப்படியே வெட்டவும் செய்தார். பிறகு நினைப்பு எங்கோ போனது. தம்பியைக் கொண்டுபோன அன்றைக்குக்கூடத் தன் கண்ணில் தண்ணீர் வராதது ஏன் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

வளர்மதி தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்தாள். முந்தின நாள் நட்டது போக மிச்சத்தை நட ஆட்கள் அந்தக் கோடியில் காத்திருந்தார்கள். அவள் கால் வைத்த இடத்தில் வரப்பு பொத்தென்று உட்கார்ந்தது. அவளும் கட்டும் சேற்றில் விழ, முத்துவேலின் மேட்டுக் கழனித் தண்ணீர் உடைப்பு வழியாக அவள் கழனிக்குள் பாய்ந்தது. நேற்று நட்ட நாற்று வேரோடு மிதந்தது.

அவள் எழுந்து நின்று கத்தவில்லை. நாற்றுக்கட்டையே உடைப்பில் போட்டு முழங்காலால் அழுத்திக்கொண்டாள். அவர் ஓடிவந்து சேற்றை வெட்டி வெட்டிப் போட்டார். தண்ணீர் நின்றது. அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். வெட்டி வந்த தூரம் முழுக்க, புல்லோடு வரப்பு மண்ணும் கட்டி கட்டியாகத் தன் கழனியில் கிடந்தது.

"தெரிஞ்சி வெட்டலம்மா," என்றார்.

"அதான் மாமா பேஜாரா கீது. தெரிஞ்சி வெட்டினா கேட்டு சண்டை போடலாம்." அவள் முகத்துச் சேற்றை வழித்து உதறினாள். "அவரு இருந்த வரைக்கும் சரி. நீங்க ரெண்டு பேரும் வெட்டிக்கினீங்க. இப்ப யாரு கூட வெட்டிக்கினு கீறீங்க?"

அவர் உடைப்பில் போட்ட சேற்றை மிதித்து இறுக்கினார்.

"எங்க பக்கத்தப் பாருங்க. கடைசியா ரெண்டு பட்டம் அவரு மம்புட்டியே போடல. 'நானும் வெட்டினா வரப்பே இருக்காது'ன்னாரு. வீட்டுமனை போட்றவங்க வந்து கேட்டுக்கினு கீறாங்க. குடுத்துட்டுப் போறேன். தெனம் உசுரக் கைல புடிச்சிக்கினு இதுல நடக்க என்னால ஆவாது."

முத்துவேல் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் புல் வேர் விட்டு, அடர்ந்து, பழுத்துக் கிடந்தது. இரண்டு பட்டமாகத் தம்பி கையை நிறுத்தியிருக்கிறான். தினம் வந்து போகிற இடம். குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்த்தது எல்லாம் தன் பக்கத்தைத்தான்.

அவர் தன் கழனிக்குள் நன்றாகத் தள்ளி நின்று மண்வெட்டியைப் போட்டார். சொந்தச் சேற்றை வெட்டி வரப்பின் மேல் வைத்தார். மதியச் சோற்றுக்குப் போகவில்லை. வரப்பு அகலமாக ஆக, கண் மட்டும் கழனி எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டே இருந்தது. அதை அவரால் நிறுத்த முடியவில்லை.

பொழுது சாய்கையில் நடவு முடிந்து வளர்மதி திரும்பினாள். புது வரப்பைப் பார்த்து நின்றாள்.

"ஈரம் கீது, கால் வெக்காத. என் கயினில எறங்கி நட," என்றார். பிறகு மண்வெட்டியை வரப்புக்கு அந்தப் பக்கம், அவள் கழனியில் ஊன்றினார். "அடுத்த பட்டம் இந்தக் கை திரும்பவும் அதத்தான் செய்யும். என்னப் பத்தி எனக்குத் தெரியும். இனிமே ரெண்டு பக்கமும் நீயே வெட்டு."

ஊரில் யாரும் தன் அண்டையை அடுத்தவர் கையில் விட்டதில்லை.

"என் கை மட்டும் நேரா போவுமா மாமா? நானும் அவரு பொண்டாட்டிதான்."

"கோணலா போனா போவட்டும்."

நிலத்தை விற்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கழனிக்குள் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனாள். மண்வெட்டி மட்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றது. அவளுடைய கால் தடத்தைப் பார்த்தபடி நின்றபோதுதான் முத்துவேலுக்கு அழுகை வந்தது.

வீட்டு வாசலில் ஆதிலட்சுமி அவருடைய வெறுந்தோளைப் பார்த்தாள்.

"மம்புட்டி எங்க?"

"அந்தப் பக்கம் கீது," என்றார்.