பொம்மையின் நாற்காலி

நான் பணிபுரியும் துணிக்கடையில் ஊழியர்கள் உட்காரக் கூடாது. இவ்விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இல்லை. எங்களுக்கென்று ஒரு முக்காலிகூட அங்கே கிடையாது. காலையில் கதவு திறந்தது முதல் இரவு சாத்தும் வரை ஆண்கள் சட்டைப் பிரிவில் நான் நிற்கிறேன். சாப்பாட்டு அறையிலும் உயரமான மேசை ஒன்றுதான். நின்றபடியே உண்டு, நின்றபடியே கை கழுவுகிறோம். இதைப் பற்றி நான் பல ஆண்டுகள் சிந்தித்ததே இல்லை. என்னைச் சிந்திக்க வைத்தது தியானம்.

இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர், மாத்திரையோடு நாள்தோறும் சிறிது நேரம் தியானமும் செய்யச் சொன்னார். மகள் என் கைபேசியில் ஒரு பயிற்சியை ஏற்றிக் கொடுத்தாள். அதில் பேசிய பெண்மணியின் முதல் கட்டளை, நிமிர்ந்து உட்காருங்கள் என்பது. அடுத்தது, மூச்சை எண்ணுங்கள், எண்ணிக்கை தவறினால் வருந்தாமல் முதலிலிருந்து தொடங்குங்கள் என்பது.

வீட்டில் அது கைகூடவில்லை. காலையில் குளியலறைக்கே போட்டி. வேலை முடிந்து வந்து சுவரில் முதுகைச் சாய்த்தால் மறுகணமே உறங்கிவிடுவேன்.

"மூச்சைக் கவனிம்மான்னா, எங்களைக் குறட்டையைக் கவனிக்க வைக்கிறியே," என்றாள் மகள்.

உறங்காத நாள்களிலோ என் எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று போகாமல், முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று சட்டை அளவுகளில் ஏறியது. நாற்பத்தாறை எட்டியதும் மனம் மூச்சை விட்டுவிட்டு, அந்த அளவில் நீல நிறம் மிச்சம் இருக்கிறதா என்று கிடங்கிற்குள் தேடப் போய்விடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடமே கிடைக்கவில்லை.

ஆகவே கடையிலேயே செய்வதென்று முடிவு செய்தேன். பிற்பகலில் அங்கே ஈ காக்கை வராது. முதலில் விதியை மீறாமல் நின்றே முயன்றேன். தூணுக்கு அருகில் கண்களை மூடி அசையாமல் நின்றபோது, ஒருவர் என் சீருடைச் சட்டையின் கையைத் திருப்பி விலைச்சீட்டைத் தேடினார். நான் கண் திறந்ததும் அவர் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. கால்சட்டைப் பிரிவுத் தங்கச்சி அன்று முழுவதும் என்னைக் காணும்போதெல்லாம் விலை கேட்டாள்.

நானும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் குரல் என்னை உட்காரச் சொன்னதே அன்றி, நிற்கச் சொல்லவில்லை. மறுநாள், உடைமாற்றும் அறைக்கு வெளியே வாடிக்கையாளருக்காகப் போட்டிருந்த இருக்கையில் அமர்ந்தேன். கேமராவில் அதைக் கண்ட மேற்பார்வையாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் வாயில் அவருக்குக் கழுகு என்று பெயர். தியானம் செய்கிறேன் என்றேன்.

"தியானமெல்லாம் வீட்ல பண்ணுங்கக்கா. இன்னொரு தடவை இங்க உட்கார்ந்தா, அப்புறம் வீட்லயே உட்கார்ந்துக்கலாம்," என்றார்.

என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. இதைக் காசாளர் அக்காவும் எனக்கு நினைவூட்டினார். தியானமா சோறு போடும், வாயை மூடிக்கொண்டு நில்லடி என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதைச் சொன்னவரின் கணுக்கால்களை நான் பார்த்தேன். அவை செருப்பின் வாரை மீறி வீங்கியிருந்தன.

கடையின் முகப்பில் கண்ணாடிக் காட்சியறை ஒன்று உண்டு. அங்குள்ள பொம்மைகளுக்குச் சட்டை மாற்றுவதும் என் வேலை. மறுவாரம் அதற்காக உள்ளே சென்றேன். ஒரு பொம்மை, கால்மேல் கால் போட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தது. எத்தனையோ முறை அதற்குப் பொத்தான் போட்டுவிட்ட எனக்கு, அது உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த நாற்காலியில் தெருவை நோக்கி அமர்ந்து கண்களை மூடினேன்.

அமைதி கிட்டியது என்று பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சு உரலில் இடிப்பதுபோல் இடித்தது. பேருந்துகள் அலறின. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். "டேய், பொம்மை மூச்சு விடுதுடா," என்று ஒரு குரல் கேட்டது. ஆம், விட்டது. மனம் வேலையை எண்ணி ஓடியது, மகளை எண்ணி ஓடியது. ஒவ்வொரு முறையும் அதை மூச்சிற்கே அழைத்து வந்தேன்.

பின்னால் கழுகின் குரல் கிசுகிசுத்தது. "எழுந்திருங்கக்கா. தெருவே பாக்குது."

கண்ணைத் திறக்காமலேயே சொன்னேன்: "பொம்மைக்குக் கால் வலிச்சா சொல்லுங்க சார். எழுந்துக்கறேன்."

தெரு முழுவதும் பார்க்கையில் என்னை இழுத்து வெளியேற்ற அவரால் முடியவில்லை. போதும் என்று எனக்குத் தோன்றியபோது நானே எழுந்தேன்.

மாலையில் முதலாளி அழைத்தார். தெருவில் எடுத்த என் படம் பலருடைய கைபேசிகளைச் சுற்றி அவரிடமும் வந்துவிட்டிருந்தது. ஆயினும் அவர் கோபப்படவில்லை. உடல்நிலையைக் கருதி எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்வதாகவும், மற்றவர்களிடம் நான் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் கூறினார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நன்றி என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது ஒரு மூச்சு உள்ளே போனதை நான் கவனித்தேன். அது வெளியேறும் வரை பொறுத்தேன். அதற்குள் வேறு சொல் கிடைத்தது.

"எங்க தளத்துல ஏழு பேர் சார். ஏழு போடுங்க."

முடியாது என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"தரையில உட்காருவேன். வேலையை விட்டு அனுப்பினா உங்க வாசல்ல உட்காருவேன். எனக்கு இப்பத்தான் சார் இது கொஞ்சம் வர ஆரம்பிச்சிருக்கு. இனிமே விடமாட்டேன்."

மறுநாள் சட்டைப் பிரிவிற்கு ஒரே ஒரு நாற்காலி வந்தது. பிற்பகலில் அதன் பக்கத்தில், தரையில், நான் சம்மணமிட்டு அமர்ந்தேன். தங்கச்சி வந்து என் அருகில் உட்கார்ந்தாள். கழுகு படிகளில் விரைந்து இறங்கி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் காசாளர் அக்கா பணப்பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, முழங்காலைப் பிடித்தபடி எங்களிடம் வந்தார்.

"கண்ணை மூடிக்கணுமாடி?"

"முதல்ல உட்காருங்கக்கா," என்றேன். "மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."