கடலுக்கு ஒரு முறைத் தண்ணீர்

1974 ஐப்பசியில், உப்பூர்க் கடலுக்கு ஐந்து கிலோமீட்டர் மேற்கே, கீழப்புல்லேந்தலில் ராக்குவின் வயலுக்குள் ஒரு கடல்பசு மேய்ந்துகொண்டிருந்தது. அது எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யார் வீட்டுது என்றுதான் கேட்டார்கள். பக்கத்து வயல் இருளாண்டியின் எருமை காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்த ராக்கு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டில் அடைத்துவிட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. அவளுடையது கடைமடை வயல். கண்மாய்த் தண்ணீர் அதை எட்டி ஒன்பது வருஷமாயிற்று. வாய்க்கால் வறண்டதும் கடல் உப்பு மேலேறி வந்து, ஒன்றரை ஏக்கரில் உமிரிச் செடியைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. அதையும் இது தின்றால் மனுஷிக்கு எரியாதா?

திருப்பாலைக்குடியிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் ஹமீது சுல்தான் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! இது ஆவுளியாம்மா, கடலுக்குள்ள புல்லு மேயுறது. நீங்க மழைத்தண்ணியச் சொட்டு விடாம மறிச்சதுல கழிமுகம் தூந்துபோச்சு. எங்களுக்கு எறா இல்ல, இதுக்குப் புல்லு இல்ல. தண்ணி கேட்டு வந்திருக்கு."

அதைக் கடலில் கொண்டுபோய் விட்டுத் திரும்புகையில் ராக்குவுக்குப் பொறி தட்டியது. கடலுக்குப் போகிற தண்ணீர் தன் வயலைத் தாண்டித்தானே போயாக வேண்டும்! கண்மாய்த் தண்ணீரை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துவிடும் ஊர்க்கூட்டத்தில், கடலுக்கும் ஒரு முறை கேட்டாள். நீர்ப்பாய்ச்சி கூத்தையா அசையவில்லை. "வாய்க்கா வெட்டுக்கு வராதவுகளுக்கு மொறை கெடையாது தாயி. கடலா இருந்தாலும் அதேதேன்."

அடுத்த சித்திரையில் ஊரே மண்வெட்டியோடு இறங்கியபோது, கடைமடையிலிருந்து கழிமுகம் வரை ஆவுளியா மூக்கால் உழுது வாய்க்கால் சுத்தமாகக் கிடந்தது. கூத்தையா நடந்தே அளந்தார். பத்து ஆள் வெட்டுக்கு மேலேயே இருந்தது. அன்றே ஆவுளியா பதினெட்டாவது பங்காளியாகச் சேர்ந்தது.

நான்கு மழையில் உப்பு இறங்கியது. ராக்கு நெல் அறுத்தாள். திருப்பாலைக்குடியில் எறா வலை கனத்தது. பிற்பாடு வனத்துறையிலிருந்து வந்த ராமசுப்பிரமணியன், கடல்பசுவைக் காப்பாற்ற ஊரை விலக்கி வேலி போடப் பார்த்தார். ஆவுளியாவின் பெயர் இருந்த முறைப் பட்டியலைக் காட்டினார்கள். இரண்டு தரம் படித்துவிட்டு, பங்காளிகளுக்கு நடுவில் நான் எதற்கு என்று கம்பிச் சுருளை லாரியில் திருப்பி ஏற்றினார். அதிலிருந்து வருஷாவருஷம் வெட்டுக்கு அவரும் வந்தார்.

2003-இல் மழை பொய்த்தது. கண்மாயில் ஒரே ஒரு முறைக்குத்தான் தண்ணீர் மிச்சம். யாருக்கு என்று சீட்டுக் குலுக்கியதில் ஆவுளியாவுக்கு விழுந்தது. ராக்குவின் நெல் கதிர் வெளிவராமல் பொதியில் நின்றது. ஒரு நனைப்பு கிடைத்தால் பிழைக்கும், இல்லையென்றால் வெறும் வைக்கோல்.

"போற தண்ணியில கொஞ்சம் வெட்டிவிட்டுக்க. அது என்ன கேஸா போடப்போகுது?" என்றார் கூத்தையாவே.

"அது ஒழைச்ச தண்ணிண்ணே. நான் கை வச்சா வெளங்குவேனா?" கசிந்துகூட உள்ளே வந்துவிடக் கூடாதென்று, அழுதுகொண்டே வரப்பை மெழுகி அடைத்தாள் ராக்கு.

தண்ணீர் வந்தது. எதிர்த்திசையில் ஆவுளியாவும் வந்தது. அவள் அடைத்த வரப்பை மூக்கால் முட்டி உடைத்தது. பிறகு வாய்க்காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. ஒன்றரை ஏக்கரும் நிரம்பிய பிறகுதான் எழுந்து கிழக்கே போனது.

ஒரு பங்காளி தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால், வாங்கியவர் அடுத்த வெட்டில் கொடுத்தவர் பங்கையும் வெட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். மறு சித்திரையில் ராக்கு ஒருத்தியாகவே கழிமுகம் வரை வெட்டினாள். பதினேழு நாள் ஆயிற்று.